ஒரே சுவிட்ச், நாலு விளக்கு: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது

வேலூர்ப் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் போர்ட்டிகோவுக்கு இரண்டு, கேட் தூணுக்கு இரண்டு என்று விளக்கு போட்டு, நாலையும் ஒரே சுவிட்சில் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. பழைய வீடுகளில் கதை வேறு. வேலூரின் கொசப்பேட்டை, சைதாப்பேட்டைச் சந்துகளில் மெட்ராஸ் டெரஸ் கூரைக்கு அடியில் மரச்சட்டத்தின் மேல் ஒயர் ஓடும். மகன் கல்யாணத்துக்கு ஒரு விளக்கு, பேரன் பிறந்ததற்கு ஒரு விளக்கு என்று அந்த ஒரே ஒயரில் கூட்டிக்கொண்டே வந்திருப்பார்கள். இரண்டு வகை வீட்டிலும் கோளாறு வந்தால் முதலில் பல்பை மாற்றுவார்கள். அடுத்து சுவிட்சை மாற்றுவார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் ஒயர்மேனுக்கு போன் வரும். போய்ப் பார்த்தால் பல்பும் நல்லது, சுவிட்சும் நல்லது, யாரும் கண்டுகொள்ளாத கறுப்பு ஒயர்தான் பெரும்பாலும் குற்றவாளி.

எது சரியான வயரிங் என்று தெரிந்தால்தான் தப்பைப் பிடிக்க முடியும். கரண்ட் வரும் ஒயரான ஃபேஸ் (சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றில் ஒன்று) சுவிட்சுக்கு வர வேண்டும். சுவிட்சிலிருந்து புறப்படும் ஒயர் ஒவ்வொரு விளக்கின் ஒரு முனையையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். கரண்ட் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரல் (கறுப்பு) சுவிட்சின் ஸ்க்ரூவுக்குப் போகாமல் எல்லா விளக்கின் மறுமுனைக்கும் நேராகப் போக வேண்டும். நாலு விளக்கும் ஏணியின் படிகள் மாதிரி. இரு பக்கக் கம்புகள்தான் அந்த இரண்டு ஒயர். கீழே சொல்லும் ஒவ்வொரு கோளாறும் இந்த ஏணியில் எங்கோ ஓர் இடத்தில் விட்டுப்போனதுதான்.

ஒயரைத் தொடுவதற்கு முன்னால் மெயினை அணைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் மறப்பது இன்வெர்ட்டரை. நம் ஊர் மின்வெட்டுக்குப் பயந்து பாதி வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அது ஓட்டுவதும் இதே விளக்கு ஒயரைத்தான். மெயினை அணைத்த மறு நொடி அது தானாக 230 வோல்ட்டை உள்ளே தள்ளும். அதையும் அணைத்து, அதன் வெளி ஒயருக்கு உள்ள எம்.சி.பி.யையும் (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது செய்யும் சோதனைகளுக்குக் காய்ந்த மர ஸ்டூலும் காலில் செருப்பும் கட்டாயம். பழக்கம் இல்லாதவர் அறிகுறியைக் குறித்துவைத்துக்கொண்டு, தகுதிச் சான்று உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். அதுவே அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இன்னொன்று: டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். பைப்புக்குள் பக்கத்து ஒயரோடு ஒட்டிக் கிடக்கும் செத்த ஒயரில்கூட அது லேசாக எரியும். நியூட்ரல் அறுந்ததை அது நேரடியாகக் காட்டவும் செய்யாது. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, இரண்டு அடி ஒயர் இரண்டு கட்டி, டெஸ்ட் லேம்ப் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தால் பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் எங்கோ ஜாயிண்ட் லூஸ். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பார்க்காதீர்கள். அந்த பல்பு இழுப்பது 260 மில்லிஆம்பியர். போகும் கரண்டுக்கும் திரும்பும் கரண்டுக்கும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தாலே விழுந்துவிடும் பாதுகாப்பு சுவிட்சான ஆர்.சி.சி.பி. உடனே விழும். அப்புறம் இல்லாத கோளாறை அரை நாள் தேடுவீர்கள்.

சில விளக்கு கண் கூசுகிறது, சில விளக்கு அழுது வடிகிறது

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் சோதனை கிடையாது. ஃபேன் ஒன்று பேய் வேகத்தில் ஓடுகிறது, இன்னோர் அறையில் டியூப் லைட் பிடிக்கவே இல்லை, ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்றால் ஓடிப்போய் மெயினை அணையுங்கள். மூன்று ஃபேஸ் வரும் வீட்டில் பொது நியூட்ரல் விட்டுப்போனால், 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் அருகே வரை ஏறும். ஒவ்வொரு பொருளாகப் புகையும். ஒற்றை ஃபேஸ் வீட்டிலும் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் இதே கதிதான். அக்கம்பக்கத்து வீட்டிலும் இப்படியா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அது ஈ.பி. வேலை, அவர்களின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. உங்கள் வீட்டில் மட்டும் என்றால் மீட்டர் பெட்டியையும் மெயின் போர்டின் நியூட்ரல் கட்டையையும் ஒயர்மேன் பார்க்க வேண்டும்.

சுவிட்சை நிறுத்தியும் விளக்கு மினுக்குகிறது

எல்.ஈ.டி. வந்த பிறகு எங்களுக்கு வரும் அழைப்புகளில் இதுதான் முதல் இடம். சத்துவாச்சாரியில் ஓர் அம்மா போனில் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "நிறுத்தினாலும் எரிஞ்சினே கீதுப்பா. ராவுல எழுந்து பாத்தா யாரோ டார்ச் அடிக்கிற மாதிரி கீது. பல்பு ரெண்டு மாத்திட்டேன்." பல்பை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கவில்லை. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

குண்டு பல்பு காலத்திலும் இந்தக் கசிவு இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. இழை சூடாக நிறைய கரண்ட் வேண்டும். எல்.ஈ.டி. பல்புக்குள் டிரைவர் என்ற குட்டி சர்க்யூட் உண்டு, அதில் கரண்டைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. ஒழுகும் கூரைக்கு அடியில் வைத்த குண்டான் மாதிரி அது சொட்டுச் சொட்டாக நிரம்பும். நிரம்பியதும் ஒரு மினுக்கு, பிறகு காலி. திரும்ப நிரம்பும், திரும்ப மினுக்கும். கசிவு கொஞ்சம் அதிகமானால் மினுக்காமல் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். ஆக, பல்பு சரியாகத்தான் இருக்கிறது. சொட்டு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

முதல் சந்தேகம், சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறதா என்பது. ஃபேஸ் நேராக விளக்குக்குப் போய், நியூட்ரல் சுவிட்ச் வழியாக வந்தாலும் போட்டால் எரியும், நிறுத்தினால் அணையும். அதனால் யாருக்கும் தெரியாது. ஆனால் நிறுத்திய பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் உட்கார்ந்திருக்கும். பல்பு மாற்றக் கை விட்டவருக்கு ஷாக். இதைப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. அந்த சுவிட்சில் இருக்கும் எல்லா பல்பையும் கழற்றிவிடுங்கள். சுவிட்ச் நிறுத்திய நிலையில், போர்டைத் திறந்து அதன் இரண்டு ஸ்க்ரூவிலும் டெஸ்டர் வையுங்கள். ஒன்றில் பளிச்சென்று எரிந்தால் ஃபேஸ் சரியாக சுவிட்சுக்கு வருகிறது. இரண்டிலும் எரியவில்லை என்றால் சுவிட்சில் இருப்பது நியூட்ரல். பல்பை மாட்டியபடியே பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் ஃபேஸ் பல்பு வழியாகவே இறங்கி வந்து ஒரு ஸ்க்ரூவில் எரியும்.

இந்த ஒரு சுவிட்ச் மட்டும் இப்படி என்றால் அந்தப் பெட்டிக்குள்ளேயே மாற்றிக் கட்டலாம். வீட்டில் எல்லா சுவிட்சும் இப்படி என்றால் மீட்டர் பக்கம் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. சர்வீஸ் ஒயர் மாற்றியபோதோ மெயின் போர்டு மாற்றியபோதோ நடந்திருக்கும். அப்போது உங்கள் ஒற்றை எம்.சி.பி.கள் எல்லாம் வெட்டுவது நியூட்ரலைத்தான். அதை அன்றைக்கே சரிசெய்ய வேண்டும்.

சத்துவாச்சாரி அம்மா வீட்டில் அதுவும் இல்லை. சுவிட்சில் ஒரு குட்டிச் சிவப்பு வெளிச்சம். இருட்டில் கை போகட்டும் என்று மகன் இண்டிகேட்டர் வைத்த சுவிட்சாக வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த நியான் எரிவதற்கான கரண்ட், ஒரு மில்லிஆம்பியர் கூட இருக்காது, பல்பு வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். குண்டானில் விழும் சொட்டு அதுதான். சாதாரண சுவிட்ச் போட்டதும் நின்றுவிட்டது. அந்தச் சிவப்பு வெளிச்சம் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு: அதே சுவிட்சில் இருக்கும் விளக்குகளில் ஒன்றை இழை வைத்த பழைய ஜீரோ வாட்ஸ் பல்பாக மாற்றினால் கசிவு முழுவதும் அது வழியாகப் போய்விடும். பெயர்தான் ஜீரோ, அது 15 வாட்ஸ் வரை இழுக்கும். அதற்கும் மனமில்லை என்றால் விளக்குக்கு இணையாக எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டர் ஒன்றை ஒயர்மேன் கட்டித் தருவார்.

மழை நாளில் மட்டும் மினுக்குகிறது, வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது என்றால் பைப்புக்குள் தண்ணீர். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போன பிறகு கரையோர வீடுகளில் இது சகஜமாக இருந்தது. சுவர் காய்ந்து பெயின்ட் கூட அடித்துவிட்டார்கள், பைப் வளையும் இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் அப்படியே நின்றது. ஒயரை இழுத்து வெளியே போட்டுத்தான் பார்க்க வேண்டும். எல்.ஈ.டி. பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்து, ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த ஒயரை நம்ப வேண்டாம். டேப் சுற்றித் திரும்பப் பைப்புக்குள் தள்ளுகிறவரையும் நம்ப வேண்டாம்.

இரண்டு விளக்கும் மங்கல், ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணைகிறது

புதிதாக ஒரு விளக்கைச் சேர்த்த மறுநாள் வரும் கோளாறு. முதல் ஹோல்டரில் இருந்து இரண்டு ஒயர் எடுத்து இரண்டாவதுக்குப் போக வேண்டும். ஒயர் மிச்சம் பிடித்தவர், முதல் ஹோல்டரின் நியூட்ரலைக் கழற்றி அதை இரண்டாவது ஹோல்டருக்கு இழுத்து, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒயரைப் போட்டிருப்பார். ஏணிக்குப் பதில் சங்கிலி. 230 வோல்ட் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு 115. குண்டு பல்பு என்றால் வழக்கமான வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் வரும். எல்.ஈ.டி. என்றால் ஒன்று எரியும், ஒன்று துடிக்கும், சில நேரம் இரண்டும் மௌனம். முதல் ஹோல்டரைத் திறந்து ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் எத்தனை ஒயர் என்று எண்ணுங்கள். நடுவில் இருக்கும் விளக்கில் இரண்டு ஸ்க்ரூவிலும் இரண்டிரண்டு ஒயர் இருக்க வேண்டும். எங்காவது ஒற்றை ஒயர் தெரிந்தால் தப்பு அங்கேதான்.

முதல் இரண்டு எரிகிறது, அதற்கப்புறம் எல்லாம் இருட்டு

எளிது. கடைசியாக எரியும் விளக்குக்கும் முதலில் எரியாத விளக்குக்கும் நடுவே கோளாறு. கடைசி விளக்கை நோண்டிக்கொண்டிருக்காதீர்கள். எரியாத முதல் ஹோல்டரில் சுவிட்ச் போட்ட நிலையில் டெஸ்டர் ஒரு முனையில் எரிந்தால் ஃபேஸ் வந்துவிட்டது, நியூட்ரல் வரவில்லை. பல்பை மாட்டிய நிலையில் இரண்டு முனையிலும் எரிந்தாலும் அதே தீர்ப்புதான். ஹோல்டர் ஸ்க்ரூவில் இரண்டு ஒயரை ஒன்றாக முறுக்காமல் தனித்தனியாகச் செருகினால் ஒன்று பிடிக்கும், மற்றது நாளடைவில் நழுவும். நம் ஊர் மே மாத வெயிலில் மொட்டைமாடித் தளத்துக்கு அடியில் இருக்கும் ஜாயிண்ட் பகலில் விரிந்து இரவில் சுருங்கிச் சுருங்கி இளகிவிடுகிறது.

சுவிட்சைப் போட்டதும் டிரிப் ஆகிறது

எது விழுகிறது என்று பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட்; ஆர்.சி.சி.பி. விழுந்தால் கசிவு, அல்லது கடன் வாங்கிய நியூட்ரல், அதாவது வேறு லைனில் இருந்து எடுத்த நியூட்ரல்.

எம்.சி.பி. கதையில், சுவிட்சை யாராவது அண்மையில் மாற்றினார்களா என்று கேட்பேன். பெட்டிக்குள் ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் தெரிந்ததும், பிளக்குக்குக் கட்டுவது மாதிரி சுவிட்சின் இரண்டு ஸ்க்ரூவிலும் ஆளுக்கொன்றாக மாட்டிவிடுவார்கள். பட்டனைத் தட்டினால் ஃபேஸும் நியூட்ரலும் நேருக்கு நேர். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால், எல்லா பல்பையும் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். விழவில்லை என்றால் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வாருங்கள், எது மாட்டும்போது விழுகிறதோ அந்த விளக்கின் டிரைவர் போய்விட்டது. பல்பே இல்லாமலும் விழுந்தால் ஒயரில்தான் ஷார்ட்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் கேட் தூண் விளக்கைத் திறந்து பாருங்கள். பல்லியோ எறும்புப் புற்றோ தண்ணீரோ இருக்கும்.

சுவிட்ச் சுடுகிறது, சர்ரென்று சத்தம் வருகிறது

ஸ்க்ரூ லூஸ், அல்லது சுவிட்சின் உள் முனை கருகிவிட்டது. நாலு எல்.ஈ.டி. சேர்ந்தாலும் 40 வாட்ஸ்தானே, 6 ஆம்பியர் சுவிட்ச் தாங்காதா என்பார்கள். ஓடும்போது தாங்கும். ஃபால்ஸ் சீலிங்கில் பதினைந்து பேனலை ஒரே சுவிட்சில் போட்டால், போட்ட கணத்தில் பதினைந்து டிரைவரும் ஒன்றாக இழுக்கும் இழுப்பில் உள்ளே பொறி தட்டி முனை ஒட்டிக்கொள்ளும். இரண்டு சுவிட்சாகப் பிரித்துவிடுங்கள்.

மாடிப்படி விளக்கு: மேலே போட்டால் கீழே அணையவில்லை

இது இரண்டு சுவிட்ச் ஒரு விளக்கைப் பகிர்வது. ஒரு காகிதத்தில் நாலு நிலையையும் எழுதுங்கள்: கீழ் சுவிட்ச் மேல்நோக்கி, கீழ்நோக்கி; மாடி சுவிட்ச் மேல்நோக்கி, கீழ்நோக்கி. நாலிலும் விளக்கு எரிகிறதா என்று குறியுங்கள். இரண்டில் எரிந்து இரண்டில் அணைந்தால் வயரிங் சரி. ஒன்றே ஒன்றில் மட்டும் எரிந்தால் மூன்று காரணம்: டூ-வே சுவிட்சில் ஒயர் இடம் மாறியிருக்கிறது, அல்லது ஒரு பக்கம் சாதாரண ஒன்-வே சுவிட்சை மாட்டியிருக்கிறார்கள், அல்லது இரண்டு சுவிட்சுக்கும் நடுவே ஓடும் இரண்டு ஒயரில் ஒன்று அறுந்திருக்கிறது. அண்மையில் சுவிட்ச் மாற்றியிருந்தால் முதல் இரண்டில் ஒன்று. யாரும் கை வைக்காமலே வந்தது என்றால் மூன்றாவது. நாலிலும் எரிந்தால் அந்த நடு ஒயர் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன.

டூ-வே சுவிட்சின் பின்னால் மூன்று ஸ்க்ரூ இருக்கும். அதில் ஒன்று பொது. கீழ் சுவிட்சின் பொது ஸ்க்ரூவுக்கு ஃபேஸ், மாடி சுவிட்சின் பொது ஸ்க்ரூவிலிருந்து விளக்கு, மீதி இரண்டு இரண்டும் ஒன்றோடொன்று. பெரும்பாலும் நடுவில் இருப்பதுதான் பொது, ஆனால் எல்லா கம்பெனியும் அப்படிச் செய்வதில்லை. சுவிட்சைத் தனியாகக் கழற்றி மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். பட்டன் ஒரு பக்கம் இருக்கும்போது ஒரு ஸ்க்ரூவோடும், மறுபக்கம் தட்டினால் இன்னொரு ஸ்க்ரூவோடும் பீப் அடிப்பது எதுவோ அதுதான் பொது. பழைய சுவிட்சைக் கழற்றும்போதே பொது ஸ்க்ரூவின் ஒயரில் ஒரு சுற்று டேப் ஒட்டிவைத்தால் இந்த வேலையே வராது.

பழைய வீட்டில் இன்னொரு வகை மாட்டும். ஒயர் மிச்சம் செய்ய, இரண்டு சுவிட்சுக்கும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கொடுத்து, விளக்கை இரண்டு பொது ஸ்க்ரூவுக்கும் நடுவே தொங்கவிட்டிருப்பார்கள். அணைந்திருக்கும்போது ஒரு நிலையில் ஹோல்டரின் இரண்டு முனையிலும் ஃபேஸ் இருக்கும். டெஸ்டர் இரண்டிலும் எரிந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். அதைச் சரிசெய்து ஓட்டாதீர்கள், பிரித்துப் புதிதாகக் கட்டுங்கள்.

கடைசியாக, மாடியை வாடகைக்கு விட்ட வீடுகள். தோட்டப்பாளையத்தில் ஒரு வீடு: கீழே வீட்டுக்காரர், மேலே ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பம், மீட்டர் தனித்தனி. ஆர்.சி.சி.பி. புதிதாக வைத்த நாளிலிருந்து படி விளக்கைப் போட்டால் இரண்டு வீட்டிலும் கரண்ட் போனது. ஒன்பது வாட்ஸ் பல்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று வீட்டுக்காரர் கேட்டார். ஃபேஸ் கீழ் மீட்டரில் இருந்தும் நியூட்ரல் மேல் மீட்டரில் இருந்தும் வந்துகொண்டிருந்தது. கீழ் மீட்டரில் இருந்து போன கரண்ட் அங்கே திரும்பவில்லை, மேல் மீட்டருக்கு வந்த கரண்ட் அங்கிருந்து புறப்படவில்லை. அந்தச் சின்ன பல்பு இழுப்பதே 40 மில்லிஆம்பியரைத் தாண்டும், இரண்டு ஆர்.சி.சி.பி.யும் விழாமல் என்ன செய்யும்? மாடி போர்டில் இருந்து வந்த கறுப்பு ஒயரை வெட்டி முனையை மூடிவிட்டு, கீழ் மீட்டரில் இருந்தே புது நியூட்ரல் இழுத்தோம். "அப்போ பில்லு என் மேலயா?" என்றார். மாதம் முழுக்க இரவெல்லாம் எரிந்தாலும் மூன்று யூனிட்தான் சார் என்றேன். சரி என்று உள்ளே போய் டீ போடச் சொன்னார்.